ஏழு மேசைத் தேநீர்க் கடை

சோல் நகரின் இன்சாதொங் தெருவுக்குப் போகிறவர்கள் ஒரு காப்பிக் கடையின் பெயர்ப்பலகையைப் படம் எடுக்காமல் திரும்புவதில்லை. தூரிகை, கையால் செய்த காகிதம், பழம்பொருள் என்று விற்கும் அந்தத் தெருவில் 2001-இல் ஸ்டார்பக்ஸ் கடை திறந்தபோது, ஆங்கிலத்துக்குப் பதிலாகக் கொரிய எழுத்தில் பெயரை எழுதி மாட்டினார்கள். அடுத்த ஆண்டே இன்சாதொங் அந்த நாட்டின் முதல் பண்பாட்டு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. பெயர் வந்தது, கூட்டம் வந்தது, கூடவே வாடகையும் ஏறியது.

நான் சொல்ல வந்தது அந்தப் பெயர்ப்பலகையைப் பற்றி அல்ல. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு சந்து பிரிகிறது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அந்தச் சந்தின் கோடியில் இருந்த ஒரு கடையைப் பற்றித்தான் இந்த வாரம்.

கடந்த மே மாதம் ஒன்பது நாள் அங்கே இருந்தேன். என் அண்ணன் மகள் சோலில் மேற்படிப்பு படிக்கிறாள். "அத்தை, நாடகத்துல வர்ற கடையெல்லாம் நீங்களே போய்ப் பார்த்துக்குங்க. நான் பரீட்சைக்குப் படிக்கிற கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். ஏழு மேசை, தாழ்ந்த கூரை, வாசலில் ஒரு மண் சாடி. உள்ளே நுழைந்ததும் இலந்தைப் பழம் வேகும் வாசம்.

கடைக்காரருக்கு அறுபத்து மூன்று வயது. மற்றவர்கள் அவரை 'சஜாங்நிம்' என்று அழைக்கிறார்கள். முதலாளி என்று பொருள். நம் ஊர்ப் பேச்சில் தவுக்கே. என் மருமகள் மட்டும் 'இமோ' என்கிறாள். இமோ என்றால் அம்மாவின் அக்கா அல்லது தங்கை, பெரியம்மா அல்லது சின்னம்மா. இந்தக் கட்டுரையில் நானும் அவரை இமோ என்றே சொல்கிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அன்று எங்களுக்கு அவசரம். காகிதக் குவளையில் ஊற்றித் தர முடியுமா என்று கேட்டேன். இமோ சிரித்துக்கொண்டே நாற்காலியைக் காட்டினார். அவர் கடையில் காகிதக் குவளையே கிடையாதாம்.

உட்கார்ந்தோம். கொதித்த நீரை முதலில் வாய் அகன்ற ஒரு கிண்ணத்தில் ஊற்றி ஆற விட்டார். அந்தக் கிண்ணத்துக்குப் பெயர் 'சுகு'. நீர் எழுபது டிகிரி அளவுக்கு இறங்கிய பிறகுதான் பச்சைத் தேயிலை போட்ட சிறு பானைக்குள் போகும். பானையின் பிடி பின்பக்கம் இல்லை, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் இலை கசந்துவிடும் என்றார். கொதிக்காத தேநீரை நாம் தேநீர் என்றே ஒத்துக்கொள்வதில்லை அல்லவா? முதல் வாய் எனக்கு வெந்நீர் போலத்தான் இருந்தது. பொய் சொல்லி என்ன பயன். இரண்டாம் முறை நீர் ஊற்றியபோது வறுத்த தானியம் போல ஒரு வாசம் வந்தது. மூன்றாம் முறை நாக்கின் அடியில் ஒரு இனிப்பு தங்கியது. அதற்குள் ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. எங்கள் அவசர வேலை என்னவென்று இப்போது நினைவில்லை.

ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம்தான் இமோவின் தலைவலி. கணக்குக் காகிதத்தை எடுத்து எங்கள் முன் போட்டார். ஒரு ஆளுக்குத் தேநீர் 9,000 வொன், நம் காசுக்கு ஏறக்குறைய 27 வெள்ளி. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஒரு ஆளுக்கு மூன்று கிராம் இலை, அதன் விலையே 1,500 வொன். ஏழு மேசையும் ஒரு நாளில் நான்கு முறை நிறைந்து, மேசைக்கு இருவர் உட்கார்ந்தால் 504,000 வொன் வரும். அப்படி நிறைவது இலையுதிர் காலத்துச் சனி, ஞாயிறுகளில் மட்டும். வார நாள்களில் பாதி வந்தால் நல்ல நாள். சந்தின் வாசலில் ஒரு சன்னல் மட்டுமே உள்ள காப்பிக் கடை இருக்கிறது. அங்கே ஐஸ் போட்ட அமெரிக்கானோ 2,000 வொன். இருநூற்று ஐம்பது குவளை விற்றால் அதே அரை மில்லியன். நாற்காலியும் வேண்டாம், ஒன்றரை மணி நேரமும் வேண்டாம்.

2022-இல் தென் கொரியாவில் காப்பிக் கடைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அலுவலகக்காரர்கள் கையில் ஆளுக்கொரு குவளையோடு நடப்பதைப் பார்த்தால் எண்ணிப் பார்க்கவே தேவையில்லை. குளிர்காலத்திலும் ஐஸ் போட்டே குடிக்கிறார்கள். இத்தனைக்கும் அவர்கள் மொழியில் அன்றாடம் நடக்கும் சாதாரண விஷயத்துக்கு 'தாபான்சா' என்று பெயர். தேநீரும் சோறும் போன்ற விஷயம் என்று அதற்கு அர்த்தம். அறுவடைத் திருநாளிலும் புத்தாண்டிலும் முன்னோருக்குப் படைக்கும் சடங்குக்கு 'சாரே' என்று பெயர், அதாவது தேநீர்ச் சடங்கு. படைப்பது என்னவோ மது. தேநீர் பெயரில் மட்டும் மிச்சம் இருக்கிறது.

இமோவிடம் கேட்டேன், நூறு பேர் வந்தால் எத்தனை பேர் இலைத் தேநீர் கேட்கிறார்கள்? "பத்துப் பேர். மழை பெய்தால் பன்னிரண்டு" என்றார். மற்றவர்கள் கேட்பது இலந்தைப் பழக் கஷாயம், யூஜா எலுமிச்சைத் தேனூறல், இஞ்சி, ஐஞ்சுவைப் பழம் என்று பெயர் பெற்ற சிவப்பு ஓமிஜா, மூலிகைகள் போட்டுக் காய்ச்சும் ஸாங்ஹ்வா. இவை எல்லாவற்றுக்கும் பின்னால் 'சா' என்று சேர்த்துச் சொல்கிறார்கள். தேயிலை ஒரு துளியும் இல்லை. இலந்தைப் பழத்தை மணிக்கணக்கில் வேகவைத்து, மசித்து, வடிகட்டி எடுக்கும் அந்தக் கஷாயம்தான் இமோவின் வாடகையைக் கட்டுகிறது. சுத்த மரபு பேசும் சிலர் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்களாம். எனக்கு அதில் குறை தெரியவில்லை. பத்துப் பேருக்கான இலையை அலமாரியில் வைத்திருக்கத் தொண்ணூறு பேருக்குப் பழம் வேகவைக்கிறார். கடை நடத்தியவர்களுக்கு இது புரியும்.

நல்ல காலமும் இருந்திருக்கிறது. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் உடல்நலம் பேணும் மோகம் அந்த நாட்டைப் பிடித்தபோது, பச்சைத் தேயிலை எல்லாவற்றிலும் நுழைந்தது. பொசொங் வட்டாரத்துத் தேயிலை 2002-இல் கொரியாவின் முதல் புவிசார் குறியீட்டைப் பெற்றது. அடுத்த ஆண்டு ஹாதொங். பிறகு 2007-இல், சந்தையில் விற்கும் பச்சைத் தேயிலையில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாக ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி காட்டியது. விற்பனை சரிந்தது. மருந்து அடித்தவர், அடிக்காதவர் என்ற வேறுபாடு எல்லாம் வாங்குகிறவர்களுக்கு ஏது? "கோப்பையைக் கொடுத்தால் குடிக்காமல் முகர்ந்து பார்த்தார்கள்" என்றார் இமோ. பலர் தோட்டங்களைக் கைவிட்டார்கள். அந்த இடைவெளியில் காப்பி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. குறிப்பிட்ட ஒதுக்கீட்டுக்கு மேல் இறக்குமதியாகும் பச்சைத் தேயிலைக்கு 513.6 விழுக்காடு சுங்கவரி. மலிவான சீனத் தேயிலை வெள்ளமாக வராமல் இருப்பது அதனால்தான். ஆனால் வரி போட்டு யாரையும் தேநீர் குடிக்க வைக்க முடியாது. 2016-இல் தேயிலை பதப்படுத்தும் கலையை நாட்டின் புலப்படாப் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகச் சேர்த்தார்கள். பல ஊர்களில் பலரும் செய்யும் கலை என்பதால் குறிப்பிட்ட ஒருவரை அதன் காப்பாளராக அறிவிக்கவில்லை. காப்பாளர் என்று அறிவித்தால்தான் மாத உதவித்தொகை. "பட்டியலில் தேநீர் இருக்கிறது. வாடகைச் சீட்டில் என் பெயர் இருக்கிறது" என்று இமோ சொன்னபோது மருமகள் மொழிபெயர்க்காமல் சிரித்துவிட்டாள். நான் இரண்டு முறை கேட்ட பிறகுதான் சொன்னாள்.

ஆண்டுதோறும் மே முதல் வாரத்தில் இமோ கடையைப் பூட்டிவிட்டு ஹ்வாகேக்குப் போய்விடுவார். இந்த முறை எங்களையும் கூட்டிப் போனார். சோலிலிருந்து காலைப் பேருந்து ஏறினால் தெற்கே ஜிரிசான் மலையடிவாரத்தில் பிற்பகலுக்குள் இறக்கிவிடும். ஹாதொங் மாவட்டம், ஹ்வாகே பள்ளத்தாக்கு. 828-ஆம் ஆண்டு சீனத்துக்குத் தூது போன கிம் தேரியொம் என்பவர் தேயிலை விதையோடு திரும்பி வந்ததாகவும், மன்னர் அதை ஜிரிசானில் விதைக்கச் சொன்னதாகவும் பழைய வரலாற்று நூல் சொல்கிறது. அந்தப் பள்ளத்தாக்கின் தேயிலை வேளாண்மையை 2017-இல் உலக உணவு, வேளாண் நிறுவனம் முக்கிய வேளாண் மரபாக அறிவித்தது.

நாங்கள் இந்தியர்கள் என்று தெரிந்ததும் அங்கே எல்லோரும் கேட்டது, ஆயுதா இளவரசியைத் தெரியுமா என்றுதான். கி.பி. 48-இல் கடல் கடந்து வந்து காயா நாட்டு அரசனை மணந்ததாகச் சொல்லப்படும் ஹோ ஹ்வாங்-ஓக். அவர் தேயிலை விதையும் கொண்டு வந்தார் என்று சிலர் சொல்கிறார்கள். அவர் கதையைச் சொல்லும் 13-ஆம் நூற்றாண்டு நூலில் விதைப் பேச்சு இல்லை; 1918-இல் வந்த வேறொரு நூலில்தான் வருகிறது. அவர் தமிழச்சி என்று நம் கைப்பேசிகளில் சுற்றும் செய்தியை நான் அங்கே எடுத்துவிடவில்லை. தெரியாத இடத்தில் உறவு கொண்டாடுவது எனக்குக் கொஞ்சம் கூச்சம்.

நம் கேமரன் மலையைப் பார்த்த கண்ணுக்கு ஹ்வாகே தோட்டமாகவே தெரியாது. வரிசை இல்லை. பாறைகளுக்கு இடையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செடிகள், சரிவில் மூங்கில். இயந்திரம் ஏற முடியாது, கையால்தான் பறிக்க வேண்டும். ஏப்ரல் 20-ஐ ஒட்டி வரும் 'கோகு' என்னும் பருவ நாளுக்கு முன் பறித்த மொட்டு 'உஜொன்'. அடுத்துப் பறிப்பது 'செஜாக்', சிட்டுக்குருவி நாக்கு அளவு இலை. அதற்குப் பிறகு ஜுங்ஜாக், தேஜாக் என்று இலை பெரிதாகப் பெரிதாக விலை இறங்கும். நாங்கள் போனது செஜாக் நேரம். பறித்துக்கொண்டிருந்தவர்களில் எழுபதுக்குக் குறைந்த ஒருவரையும் நான் பார்க்கவில்லை. ஒரு பாட்டி என் விரல்களைத் தொட்டுப் பார்த்து, இவ்வளவு மென்மையாக இருந்தால் சாயங்காலம் வலிக்கும் என்றார். வலித்தது. நான் நாள் முழுக்கப் பறித்ததை எடைத் தராசில் வைத்தபோது யாரும் எண்ணைச் சத்தமாகச் சொல்லவில்லை.

இமோவுக்குத் தேயிலை தருபவர் ஒரு வயதான தம்பதி. இரவு வறுக்கிறார்கள். ஆள் உட்காரும் அளவுக்கு அகன்ற இரும்புக் கொப்பரை, அடியில் எரிவாயு, முன்பு விறகாம். கொப்பரை முந்நூறு டிகிரி வரை சூடேறும். பெரியவர் பருத்திக் கையுறையை மூன்று அடுக்காகப் போட்டுக்கொண்டு குனிந்து இலையைக் கொட்டினார். படபடவென்று மழைச் சத்தம். கை ஒரு கணம் நின்றாலும் இலை கருகிவிடும். அள்ளி, உதறி, புரட்டி, சில நிமிடங்களில் வைக்கோல் பாயில் கொட்ட, இமோவும் அந்த அம்மாவும் இரண்டு கையாலும் சப்பாத்தி மாவு பிசைவதுபோல் உருட்டித் தேய்த்தார்கள். உதறி ஆறவிட்டு மறுபடி கொப்பரை. மறுபடி பாய். ஒவ்வொரு சுற்றிலும் சூடு குறைந்துகொண்டே போகும். ஒன்பது முறை வறுப்பதே மரபு என்பார்கள். பெரியவரிடம் கேட்டேன். "இலை போதும் என்று சொல்லும்போது நிறுத்துவேன்" என்றார். நான்கைந்து கிலோ பச்சிலைக்கு ஒரு கிலோ தேயிலை. நள்ளிரவு தாண்டிப் படுத்தோம். என் தலைமுடியில் இரண்டு நாள் அந்த வாசம் இருந்தது.

அவர்கள் மகன் கோஜே தீவில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்கிறார். மே மாதத்தில் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறார். வந்து வறுப்பாரா என்று கேட்டால், பெட்டிகளைத் தூக்குவார் என்று அம்மா பதில் சொன்னார். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தத் தேநீரின் பழைய கதையில் அழகு மட்டுமே இருப்பதாக நினைக்க வேண்டாம். கோரியோ காலத்தில் இதே மலைப்பகுதி மக்கள் அரண்மனைக்குத் தேயிலை கட்டியாக வேண்டும். அவர்கள் படும் பாட்டைப் பார்த்து, செடிகளைக் கொளுத்திவிட்டாலாவது இந்த வரி ஒழியுமா என்ற பொருளில் 13-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் யி க்யூ-போ எழுதியிருக்கிறார். பிறகு வந்த ஜோசன் ஆட்சியில் புத்த மடங்கள் ஒடுக்கப்பட்டபோது தேநீரும் மலையேறியது. ஹாம்யாங் வட்டாரத்தில் தேயிலை விளையாமலே வரி மட்டும் தொடர்ந்ததாம். மக்கள் வேறு மாவட்டத்தில் அரிசி கொடுத்துத் தேயிலை வாங்கிக் கட்டியிருக்கிறார்கள். அங்கே அதிகாரியாக வந்த கிம் ஜோங்-ஜிக் பழைய செடிகளைத் தேடிக் கண்டுபிடித்து, அரசாங்கத் தோட்டம் போட்டு மக்களை விடுவித்தார். 1837-இல் கொரியத் தேநீரைப் போற்றி 'தொங்தாசொங்' பாடிய சோயி துறவி, மலை மேல் ஒரு குடிசையில் இருந்து இதைக் காத்தவர். பிறகு கடைக்காரர்களும் இதைக் காத்தார்கள்.

அந்தக் கடைக்காரர்களில் எனக்குப் பிடித்தவர் யி ஹான்-யோங் (1868–1956). கங்ஜின் பக்கத்தில் நாடு கடத்தப்பட்டுப் பதினெட்டு ஆண்டுகள் இருந்த தாசான் என்ற அறிஞர் 1818-இல் விடுதலையாகிப் போனபோது, அவருடைய மாணவர்கள் ஆண்டுதோறும் தேயிலை அனுப்புவதாக வாக்குக் கொடுத்தார்கள். ஒரு மாணவரின் குடும்பம் அந்த வாக்கைத் தலைமுறைகள் தாண்டியும் காப்பாற்றியது. அந்தக் குடும்பத்தில் வந்தவர்தான் யி ஹான்-யோங். ஜப்பானியர் ஆட்சியில், கொரிய இலை ஜப்பானியத் தேயிலை என்ற பெயரில் விற்கப்படுவதைப் பார்த்து, தன் பொட்டலத்துக்குச் சொந்தமாக ஒரு பெயர் வைத்து விற்றார். 'பேகுன் ஓக்பான்சா'. கொரியாவின் முதல் தேயிலை வணிகப் பெயர் என்று இன்று அதைச் சொல்கிறார்கள். பெரிய ஆலை எதுவும் இல்லை. ஒரு வீடு, ஒரு கொப்பரை, ஒரு முத்திரை.

திரும்பும் பேருந்தில் இமோ தன் விஷயத்தைச் சொன்னார். பழைய கடையின் கட்டட உரிமையாளர் வாடகையை உயர்த்தியதால் 2015-இல் இந்தச் சந்துக்கு வந்தவர் அவர். 2018-இல் கடை வாடகைச் சட்டம் மாறியது. வாடகைதாரர் கேட்டால் மொத்தம் பத்து ஆண்டுகள் வரை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குமுன் ஐந்து ஆண்டுகள்தான். ஆண்டு வாடகை உயர்வும் ஐந்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அந்தச் சட்டம் இல்லாவிட்டால் தன் கடை எப்போதோ போயிருக்கும் என்றார். அந்தப் பத்து ஆண்டு இந்த அக்டோபரில் முடிகிறது. இடம் இப்போது பழைய உரிமையாளரின் மகன் கையில். அவர் மரியாதையான பையன்தானாம், தன் திட்டத்தை மறைக்காமல் சொல்லிவிட்டாராம்.

"நீங்களும் ஒரு காப்பி இயந்திரம் வைக்கலாமே" என்று கேட்டேன். கேட்ட பிறகு ஏன் கேட்டோம் என்றிருந்தது. இமோ கோபப்படவில்லை. இரண்டு முறை விலை விசாரித்திருக்கிறாராம். ஒரு முறை முன்பணம்கூடக் கட்டிவிட்டார். இயந்திரத்தைப் பொருத்த வந்தவர், எங்கே வைப்பது என்று அளந்து பார்த்து, இலந்தைப் பானை இருக்கும் இடத்தைக் காட்டியிருக்கிறார். "அந்த இடம் தர முடியாது என்றேன். முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது." கொள்கை, மரபு என்று பெரிய வார்த்தைகள் எதையும் அவர் பயன்படுத்தவில்லை. இன்னொரு முறை இதே நிலை வந்தால் என்ன செய்வார் என்று அவருக்கே தெரியாதாம். அப்படி அவர் வெளிப்படையாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அப்பா கிள்ளானில் மாவு மில் வைத்திருந்த காலத்தில் இப்படித்தான் ஒரு பழைய கணக்குப் புத்தகத்தை அடிக்கடி திறந்து பார்த்துவிட்டு மூடி வைப்பார். அதில் என்ன பார்த்தார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

கிளம்பும் நாளில் நூறு கிராம் செஜாக் வாங்கினேன். 60,000 வொன். இமோ பொட்டலத்தின் மேல் மருமகளை விட்டுத் தமிழில் எழுத வைத்தார்: 'கொதிநீர் வேண்டாம். பால் வேண்டவே வேண்டாம்.' வீட்டில் என் கணவர் முதல் நாளே இரண்டையும் செய்து பார்த்தார். நன்றாக இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

போன வாரம் மருமகளிடமிருந்து செய்தி. கடை இடம் மாறிவிட்டது. இரண்டு சந்து தள்ளி, ஒரு சட்டக்காரர் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில். படங்களுக்குச் சட்டம் போடும் கடை. இப்போது ஐந்து மேசை. வாசல் சாடியையும் கதவையும் கழற்றி எடுத்து வந்துவிட்டாராம். கதவு புது வாசலுக்குப் பொருந்தாததால் அதையே ஒரு மேசையாக்கி இருக்கிறார். வாடகை கொஞ்சம் குறைவு. மாடிப்படி மிகச் செங்குத்து. பழைய வாடிக்கையாளர்களில் முட்டி வலிக்காரர்கள் இரண்டு பேரால் ஏற முடியவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் கடை திறக்கும் முன், இமோ சுடுநீர்க் குடுவையில் தேநீர் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே நடந்து போய் ஊற்றிவிட்டு வருகிறாராம்.